எந்த நிலையில்?

பொருளின் நிலை மூன்று என்று பள்ளியிலே படித்தோம். கல் திண்மம், தண்ணீர் நீர்மம், காற்று வளிமம்! மூன்று சொல், மூன்று எடுத்துக்காட்டு. ஆசிரியர் கேட்டார், நாம் ஒப்பித்தோம், மதிப்பெண் கிடைத்தது.

நிலம், நீர், தீ, வளி, விசும்பு என்று உலகை ஐந்தாகப் பகுத்துப் பார்த்தது அந்தக் காலத்து அறிவுக்குப் பெருஞ்செயல். மறுப்பாரில்லை. ஆனால் பகுத்தவர்கள் பார்த்துப் பகுத்தார்கள். பின்வந்தவர்கள் பாராமலே ஒப்பித்தார்கள். பாராமல் ஒப்பிப்பது பழம்பாட்டானால் என்ன, பாடநூலானால் என்ன? அறிவுக்கு இரண்டும் ஒரே விலங்குதான்!

ஆகவே, பார்ப்போம். அதற்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தச் சிறு தொலைவுக்குள்ளே, பள்ளிக்கூடத்தின் மூன்று பெட்டிகளில் எதிலும் அடங்காத பொருள்கள் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கின்றன.

சாலையோரத்திலே கிடக்கும் தார்ப் பீப்பாயைப் பாருங்கள். குளிர்ந்த காலைப்பொழுதில் உள்ளேயிருக்கும் தாரைச் சம்மட்டியால் அடித்தால் கண்ணாடிபோல் சில்லுச் சில்லாய்ச் சிதறும். அதே தார், பீப்பாய் சாய்ந்து, சித்திரை வெயிலில் கிடந்தால், ஓசையில்லாமல் ஒழுகி மண்ணிலே படரும். அது திண்மமா, நீர்மமா? ஆஸ்திரேலியாவிலுள்ள குயின்ஸ்லாந்து பல்கலைக் கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927-இல் இந்தக் கேள்வியைத் தாரினத்தைச் சேர்ந்த கீலிடமே கேட்டார். ஒரு புனலில் கீலை உருக்கி ஊற்றி, 1930-இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். கீல் சொட்டத் தொடங்கியது. எவ்வளவு விரைவாக? 2014 வரை விழுந்த சொட்டுகள் ஒன்பது! அவசரக்காரனுக்கு அது கல். காத்திருப்பவனுக்கு அது நீர். பொருள் ஒன்றுதான், பார்க்கும் கால அளவு மாறினால் பதில் மாறுகிறது.

இராசபாளையத்துப் படிப்பகம் ஒன்றில் இளைஞர்கள் கூட்டியிருந்த அறிவியல் மாலைக்கு நாம் சென்றிருந்தோம். நூற்பாலைத் தோழர்கள், சத்திரப்பட்டியிலிருந்து வந்த காயக்கட்டுத் துணி நெசவாளர்கள், மாணவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த தாய்மார்கள் என்று கூடம் நிரம்பியிருந்தது. பேச்சைவிடப் பாத்திரம் நன்றாகப் பேசும் என்று கருதி, ஒரு அகன்ற பாத்திரத்தில் மக்காச்சோள மாவை, கடையிலே பொட்டலமாக விற்கும் வெள்ளை மாவை, இரண்டு பங்கு இட்டு, ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக் கலக்கினோம். மெல்ல விரலை விட்டால் விரல் பாலில் இறங்குவதுபோல் இறங்குகிறது. ஓங்கிக் குத்தினால் முட்டி சுவரில் பட்டதுபோல் நிற்கிறது! கையில் உருட்டும்வரை உருண்டை. உருட்டுவதை நிறுத்தினால் விரலிடுக்கில் வழிகிறது.

எதனால்? மாவின் மணிகளுக்கு இடையே மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. மெதுவாகத் தள்ளினால் மணிகள் ஒன்றையொன்று உராயாமல் நழுவி வழிவிடுகின்றன. திடீரென்று தாக்கினால் இடையிலுள்ள நீர் பிதுங்கி விலக, மணியோடு மணி உரசிப் பூட்டிக்கொள்கின்றன. திரைப்படம் முடிந்து மக்கள் ஒருவர்பின் ஒருவராய் வெளியேறினால் வாசல் போதுகிறது. எல்லோரும் ஒரே நொடியில் முண்டியடித்தால் அதே வாசல் அடைபடுகிறதல்லவா? அதுதான் இது.

“நாங்கள் பாவுக்குப் போடும் கஞ்சி இதற்கு நேர் எதிர், தோழரே” என்றார் வயது முதிர்ந்த நெசவாளர் ஒருவர். “சும்மா வைத்தால் இறுகும், கலக்கினால் இளகும்.” எவ்வளவு கூர்மையான பார்வை! வேகவைத்த கஞ்சியில் மாவுமணிகள் நீரைக் குடித்து ஊதி, உடைந்து, ஒன்றோடொன்று பின்னி வலைபோல் நிற்கின்றன. கலக்கும்போது வலை அறுகிறது, கஞ்சி ஓடுகிறது. அந்தப் பெரியவர் ஏட்டிலே இதைப் படித்தவரல்லர். அவர் கை படித்திருக்கிறது. பார்த்தவன் சொல்லும் சொல்லுக்கு ஒரு தனி எடை உண்டு.

இனித் திருவில்லிபுத்தூர். ஊரின் பெயரைச் சொன்னதும் நாவூறும் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுப்பின்மேல் அகன்ற சட்டி, அதிலே பசும்பால், பக்கத்திலே சர்க்கரை, கிண்டும் கை ஓய்வதில்லை. போட்டது நீர்மம், எடுப்பது என்ன? இலையில் வைத்தால் திண்மம்போல் நிற்கிறது. விரலால் அழுத்தினால் இளகுகிறது. ஊற்றினால் ஓடாது, அடித்தால் உடையாது!

விடை பாலிலேயே இருக்கிறது. பால் வெறும் நீர்மமன்று. அது ஒரு கூட்டம். நூறு பங்கில் ஏறத்தாழ 87 பங்கு தண்ணீர். அதிலே கொழுப்பு, கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாய் மிதக்கிறது. அதனினும் சிறிய உருண்டைகளாய்ப் புரதம் மிதக்கிறது. பாலின் இனிப்பு நீரோடு நீராய்க் கரைந்திருக்கிறது. மிதப்பவை கீழே படிந்துவிடுவதுமில்லை, முற்றக் கரைந்துவிடுவதுமில்லை. இத்தகைய கலவைக்குக் கூழ்மம் என்று பெயர். 1861-இல் தாமஸ் கிரகாம் இவ்வகையைத் தனியே பிரித்துக் காட்டினார். தீ நீரை ஓட்டுகிறது. புரதங்கள் நெருங்கி, கைகோத்து, கொழுப்பையும் சர்க்கரையையும் தம் வலைக்குள் சிறைவைக்கின்றன. அந்தச் சிறைதான் பால்கோவா! வெண்ணெயும் பற்பசையும் இதே குலம்.

பால் ஒரு கூட்டம் என்பதை நம் சொல்லுக்காக ஏற்க வேண்டாம். இருட்டறையில் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, சில சொட்டுப் பால் விட்டு, ஒருபுறமிருந்து கைவிளக்கை அடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் குவளை மெல்லிய நீலம். எதிர்ப்புறமிருந்து விளக்கைப் பார்த்தால் மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம். நீல ஒளியை அந்தச் சிறு உருண்டைகள் மிகுதியாகச் சிதறடிக்கின்றன. சிவப்பு தப்பி நேரே வருகிறது.

ஒளியை உள்ளே அனுப்பி நீர்மத்தின் உள்ளத்தை அறியும் இந்தக் கலையிலே உலகப் புகழ் பெற்ற ஒருவர் இந்த மண்ணில் படித்தவர் என்பதை இங்குள்ள இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர்? 1898-இல் பிறந்து, வத்திராயிருப்பின் பிள்ளையாய்த் திருவில்லிபுத்தூர்ப் பள்ளியில் பயின்று, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறித்துவக் கல்லூரி வழியே கல்கத்தா சென்றவர் கே. எஸ். கிருஷ்ணன். அங்கே இராமனும் அவரும் எத்தனையோ நீர்மங்களுக்குள் ஒளியைச் செலுத்தினர். வெளிவரும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருவதை 1928-இல் கண்டனர். அந்த மாற்றம், மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்பதைச் சொல்லும் சான்று. முதல் அறிவிப்பு இருவர் பெயரிலும் வந்தது.

பின்னர் கிருஷ்ணன் படிகங்களை ஆராய்ந்தார். படிகத்துக்குத் திசையுண்டு, ஒருபுறம் காந்தத்துக்கு இசைவது மறுபுறம் இசைவதில்லை. திசை என்பது திண்மத்தின் தனியுரிமை என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலார் ரைனிட்சர் ஒரு விந்தை கண்டார். அவர் கையிலிருந்த பொருள் 145 பாகையில் உருகிக் கலங்கிய நீர்மமாயிற்று. 178 பாகையில் மீண்டும் ‘உருகி’த் தெளிந்தது. உருகியதே உருகுமா? இடையிலே நின்றது திரவப் படிகம். நீர்போல் ஓடும், படிகம்போல் திசை காட்டும். வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் இத்தகைய நிலை அமையும் என்று 1977-இல் பெங்களூரிலுள்ள இராமன் ஆய்வுக் கழகத்தில் எஸ். சந்திரசேகரும் அவர் குழுவினரும் கண்டறிந்தனர். கணக்குப் பொறியின் திரையில் எண் தெரிகிறதே, அது திரவப் படிகத்தின் வேலை.

இதுவரை பார்த்தவை இடைப்பட்ட நிலைகள். இனி ஏணியில் மேலே ஏறுவோம். பனிக்கட்டிக்கு வெப்பம் ஊட்டினால் நீர். நீருக்கு ஊட்டினால் ஆவி. ஆவிக்கும் மேன்மேலும் ஊட்டினால்? அணுக்கள் ஒன்றோடொன்று மோதி, தம் எலக்ட்ரான்களை இழந்து, மின்னூட்டம் பெற்ற துகள்களின் குழம்பாகின்றன. 1928-இல் லாங்மியூர் என்ற அமெரிக்க அறிஞர் அதற்குப் பிளாஸ்மா என்று பெயரிட்டார். ஐப்பசி மாலையில் மேற்கு மலைமீது வெட்டும் மின்னல் பிளாஸ்மா. ஏறத்தாழ 30,000 பாகை வெப்பம் கொண்டது. பட்டறையில் பற்றவைப்போர் கண்ணாடி அணிந்து பார்க்கும் மின்பொறி பிளாஸ்மா. குழல்விளக்கின் உள்ளே ஒளிர்வதும் அதுவே. கதிரவனும் விண்மீன்களும் பிளாஸ்மா உருண்டைகளே! எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எத்தனை பங்கு அணுக்கள் இவ்வாறு பிரியும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை 1920-இல் தந்தவர் மேகநாத் சாகா.

அந்தக் கதிரவனை 1868 ஆகஸ்ட் 18 அன்று நிலவு மறைத்தது. பாம்பு விழுங்கிற்று என்று சொல்லிக் குளித்தவர் கோடி. அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்திருந்த பிரெஞ்சு அறிஞர் ஜான்சனோ நிறமாலைக் கருவியைக் கதிரவனின் விளிம்புக்குத் திருப்பினார். ஒளிரும் கோடுகளைக் கண்டார். அதே ஆண்டில் இங்கிலாந்திலிருந்து பார்த்த லாக்கியர், அங்குள்ள மஞ்சள் கோடு ஒன்று மண்ணுலகில் அறிந்த எந்தத் தனிமத்துக்கும் உரியதன்று என்ற முடிவுக்கு வந்தார். கதிரவனின் கிரேக்கப் பெயரால் அது ஹீலியம் எனப்பட்டது. 1895-இல் இராம்சே அதை மண்ணிலும் கண்டுபிடித்தார். பாம்பைப் பார்த்தவனுக்குப் பாம்பு. கோட்டைப் பார்த்தவனுக்கு ஒரு புதிய தனிமம்!

ஏணியின் அடிப்படிக்கு அந்த ஹீலியமே நம்மை அழைத்துச் செல்கிறது. குளிருக்கு ஓர் எல்லை உண்டு. அது சுழிக்குக் கீழே 273 பாகை செல்சியசைச் சற்றுத் தாண்டிய இடம். அதற்குத் தனிச்சுழி என்று பெயர். ஹீலியம் வளிமத்தை 1908-இல் ஆலந்து நாட்டு லெய்டன் நகரில் கேமர்லிங் ஓன்ஸ் நீர்மமாக்கினார். சுழிக்குக் கீழே 269 பாகை! மேலும் குளிர்வித்து, தனிச்சுழிக்கு மேல் 2.17 பாகைக்குக் கீழே கொண்டுசென்றால் அது மிகைபாய்மமாகிறது. பிசுபிசுப்பு அறவே இல்லை. காற்றும் நுழையத் தயங்கும் நுண்துளையில் ஓடிவிடும். கிண்ணத்தில் வைத்தால் மெல்லிய படலமாய்ச் சுவரேறி, விளிம்பு தாண்டி, அடியில் சொட்டிச் சொட்டிக் கிண்ணத்தைக் காலி செய்யும்! 1938-இல் மாஸ்கோவில் கபித்சாவும், கேம்பிரிட்ஜில் ஆலனும் மிஸ்னரும் தனித்தனியே இந்தப் பாய்வை அறிவித்தனர். இந்தியாவில் ஹீலியம் முதன்முதலாக நீர்மமானது 1950-களின் தொடக்கத்தில், தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில். அதன் முதல் இயக்குநர் யார்? நாம் முன்னே சொன்ன கே. எஸ். கிருஷ்ணன்.

இன்னும் ஒரு படி உண்டு. டாக்கா பல்கலைக் கழகத்தில் ஆசிரியராயிருந்த சத்தியேந்திரநாத் போஸ் 1924-இல் ஒளித்துகள்களை எண்ணும் புதிய கணக்கொன்றை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். சில ஆண்டுகள் கழித்துக் கிருஷ்ணனும் அதே துறையில் பணியாற்றினார். போஸின் கணக்கை அணுக்களுக்கு விரித்த ஐன்ஸ்டைன், கடுங்குளிரில் அணுக்கள் தம் தனித்தன்மை துறந்து ஒரே நிலையில் ஒன்றுகூடும் என்றார். சந்தை இரைச்சல் ஒரே குரலாய் மாறுவதுபோல! 1995 ஜூன் 5 அன்று அமெரிக்காவில் கொலராடோவில் கார்னலும் வீமனும் ஏறத்தாழ 2000 ரூபிடியம் அணுக்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்தனர். தனிச்சுழிக்கு மேல், ஒரு பாகையை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் 170 பங்கு, அவ்வளவே வெப்பம். அதற்குப் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள் என்று பெயர்.

அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று இந்த நாட்டிலே என்ன நடந்தது? பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்று நாடு திரண்டது! கரண்டிப் பாலோடு நீண்ட வரிசை. போஸின் கணக்கு மெய்யான ஆண்டிலே, போஸின் நாட்டில் இந்தக் காட்சி. அறிவியலார் பாலுக்கு நிறம் சேர்த்துக் காட்டினர். பாலின் மேற்பரப்பு இழுவிசை கரண்டியிலிருந்து பாலைக் கல்லின்மேல் இழுக்க, அது மெல்லிய படலமாய்ச் சிலையின் மேனிவழி இறங்கியது. நிறம் அதைக் காட்டிக்கொடுத்தது.

இதை நாம் சொல்லி முடித்ததும் படிப்பகத்தின் பின்வரிசையிலிருந்து நூற்பாலையில் வேலை செய்யும் தங்கை ஒருத்தி எழுந்தாள். “அண்ணே, சிலை பால் குடித்ததை நம்பாதே என்கிறீர்கள். ஹீலியம் சுவரேறுவதை நம்பு என்கிறீர்கள். இரண்டையும் நான் பார்த்ததில்லை. ஒன்றை ஏன் தள்ள வேண்டும், ஒன்றை ஏன் கொள்ள வேண்டும்?”

கூடத்திலே ஓசையடங்கியது. பகுத்தறிவு பேசுவோர் ஒவ்வொருவரும் பதில் சொல்லக் கடமைப்பட்ட கேள்வி அது. ‘பெரியவர்கள் சொன்னார்கள்’ என்று பதில் சொன்னால் நாமும் பூசாரிதான். மந்திரம் மட்டும் வேறு!

நாம் சொன்னோம்: “தங்கையே, நம்பு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஒன்று மட்டும் கேள்: எந்த நிலையில்? ஹீலியம் சுவரேறும் என்போர், எந்தக் குளிரில், எந்த அழுத்தத்தில் என்று எண்ணோடு சொல்கிறார்கள். அந்த நிலையை உண்டாக்கினால் நாத்திகன் கையிலும் அது ஏறும், பக்தன் கையிலும் ஏறும். மாஸ்கோவிலும் ஏறும், தில்லியிலும் ஏறும். சிலை குடிப்பதற்கு என்ன நிலை வேண்டும் என்று கேட்டால், ‘நம்பிக்கை வேண்டும்’ என்பார்கள். பாலுக்கு நிறம் சேர்த்ததும் தீர்ந்துவிட்டதே அந்தக் குடி!”

அவள் விடவில்லை. “அறிவியலார் சொன்னது பொய்யாய்ப் போனதே இல்லையா?”

போனதுண்டு. 1960-களில் சோவியத் நாட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது: நுண்ணிய குழாய்களுக்குள் ஆவியைக் குளிரவைத்தால் புதிய வகைத் தண்ணீர் கிடைக்கிறது, அது கெட்டியானது, வழக்கமான குளிரில் உறையாதது! ‘பாலிநீர்’ என்று அதற்குப் பெயர் சூட்டினர். பல நாட்டு ஆய்வகங்கள் அதில் இறங்கின. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் குவிந்தன. சிலர் சோதித்துப் பார்த்தனர். தண்ணீரில் புதுமை ஏதுமில்லை. அதில் கலந்த அழுக்குத்தான் அப்படி நடந்துகொண்டது. மனித வியர்வையிலும் அதே அடையாளங்கள் தெரிந்தன! அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய டெர்யாகினே 1973-இல் தம் கூற்றைத் திரும்பப் பெற்றார். சொன்னவனே சோதனைக்குத் தலைவணங்கினான்! எந்தக் கோவிலாவது தன் அற்புதத்தைத் திரும்பப் பெற்றதாக நாம் கேட்டிருக்கிறோமா? வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. தவறே செய்யாதது அறிவியல் என்று எவரும் சொல்லவில்லை; தவறைப் பிடித்து வெளியேற்ற வாசல் திறந்து வைத்திருப்பது அறிவியல்.

தோழர்களே! தாரும் கஞ்சியும் பால்கோவாவும், மின்னலும் ஹீலியமும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகின்றன. திண்மம், நீர்மம், வளிமம் என்பவை பொருளுக்குப் பிறப்பிலே ஒட்டிய பட்டங்கள் அல்ல. வெப்பமும் அழுத்தமும் காலமும் சேர்ந்து அப்போதைக்குத் தந்த பெயர்கள். சூழல் மாறினால் பெயர் மாறும். ‘இது இப்படித்தான் பிறந்தது, என்றும் இப்படித்தான் இருக்கும்’ என்று எவரேனும் எதைப்பற்றிச் சொன்னாலும், பொருளைப்பற்றியானாலும் மனிதனைப்பற்றியானாலும், ‘எந்த நிலையில்?’ என்று கேளுங்கள்.

கேட்பதோடு நிற்க வேண்டாம். ஒரு பொட்டலம் மாவு, ஒரு கைவிளக்கு, சில சொட்டுப் பால், செலவு சிறிது. இந்த வாரமே உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே செய்து பாருங்கள். தாய்மார்களை அழையுங்கள், பின்வரிசையில் இருப்போரை முன்னே அமர்த்துங்கள். நாம் எழுதியபடி மாவு நிற்கவில்லை, குவளை நீலம் காட்டவில்லை என்றால், எந்த அளவில் கலந்தீர்கள், எவ்வாறு பார்த்தீர்கள் என்பதோடு இந்த ஏட்டுக்கு எழுதுங்கள். அதையும் அச்சிடுவோம்.